ராம்ப் வேன் துறைமுகத்துக்கு வருமா?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. பக்கவாதம் வந்ததிலிருந்து எலெக்ட்ரிக் வீல்சேர்தான். எழுந்து வேறு சீட்டுக்கு மாற முடியாது. ஹொனலூலுவில் ஏறி ஹவாய்த் தீவுகளைச் சுற்றிவரும் 'பிரைட் ஆஃப் அமெரிக்கா' கப்பலில் ஏழு நாள் பயணத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம். மாவி, கவாய் இரண்டு தீவுகளிலும் ராம்ப் வைத்த வேனை வாடகைக்கு எடுத்து நாங்களே ஓட்டலாமா? எல்லா ஏற்பாட்டையும் தானே செய்துதருவதாகச் சொல்லி ஒரு ஏஜெண்ட் பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். கப்பலை விட்டுவிடுவோமோ என்று மனைவிக்குப் பயம். (கலிஃபோர்னியா வாசகர்)

தாராளமாக ஓட்டலாம். உங்கள் சாதாரண கலிஃபோர்னியா லைசென்ஸே போதும். ஏஜெண்டுக்கு இன்னும் பணம் அனுப்பவில்லை என்றால் அனுப்பாதீர்கள். அவரைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மனைவியின் பயம். இந்தக் கப்பல் வழக்கமாக சனிக்கிழமை கிளம்பும். ஞாயிறு காலை மாவியின் கஹுலுய் துறைமுகத்துக்கு வந்து திங்கள் மாலை வரை அங்கேயே நிற்கும். செவ்வாய் ஹிலோ, புதன் கோனா. வியாழன் கவாயின் நவிலிவிலிக்கு வந்தால் வெள்ளி மதியம் 2 மணிக்குத்தான் கிளம்பும். நீங்கள் கேட்ட இரண்டு தீவுகளிலுமே கப்பல் ராத்தங்குகிறது. அதனால் தூரமான இடங்களை முதல் நாளிலேயே முடித்துவிடுங்கள். அன்று டயர் பஞ்சரானாலும் ராத்திரி கப்பல் அங்கேதான் இருக்கும். இரண்டாம் நாளில் துறைமுகத்திலிருந்து அரை மணி தூரத்துக்கு மேல் போக வேண்டாம். பயண அட்டவணையில் போட்டிருப்பது கப்பல் கிளம்பும் நேரம். ஏறியாக வேண்டிய நேரம் அதற்கும் முன்னால். முந்தின இரவு அறைக்கு வரும் தாளில் அது இருக்கும். நீங்களாக வெளியே போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அடுத்த தீவுக்கு உங்கள் செலவில் விமானம் பிடிக்க வேண்டியதுதான், அதுவும் அப்பாவின் நாற்காலியோடு.

கோனாவில் இறங்குவதை மறந்துவிடுங்கள். அங்கே கப்பல் கரையோடு ஒட்டாது, கடலில் நங்கூரமிட்டு டெண்டர் எனும் சின்னப் படகில் ஆட்களை ஏற்றிப் போவார்கள். எலெக்ட்ரிக் நாற்காலியோடு அதில் ஏற முடியாது.

இப்போது வேன். பெரிய கார் வாடகைக் கம்பெனிகளிடம் முன்கூட்டிச் சொன்னால், கையால் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் இயக்கும் கருவியைச் சாதாரண காரில் பொருத்தித் தருவார்கள். அது ஓட்டுநருக்கான வசதி. நாற்காலியோடு பயணி ஏறும் வேன் அவர்களிடம் கிடைக்காது. ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தை 1990-லேயே போட்ட நாடு இது. இத்தனை வருடம் கழித்தும் ராம்ப் வேனுக்குத் தனிச் சிறு கம்பெனிகளைத்தான் தேடி அலைய வேண்டியிருக்கிறது. தீவுகளில் அந்த வேன்களும் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும். அறை பதிவு செய்த கையோடு வேனையும் பிடித்துவிட வேண்டும்.

பெரும்பாலும் கிடைப்பது, தரையைத் தாழ்த்தி, பக்கக் கதவில் ராம்ப் பொருத்திய டொயோட்டா சியன்னா அல்லது கிரைஸ்லர் வகை மினிவேன். பதிவு செய்வதற்கு முன் டேப்பை எடுத்து மூன்று அளவு பாருங்கள். நாற்காலியின் கையேட்டில் இருக்கும் எண்கள் உதவாது. அப்பாவை உட்கார வைத்துத்தான் அளக்க வேண்டும். ஒன்று, தரையிலிருந்து அவர் உச்சந்தலை வரை. கதவின் உயரம் பல மாடல்களில் 54 முதல் 56 அங்குலம்தான். குனியத் தெரிந்தவருக்குப் பிரச்சினை இல்லை, பக்கவாதம் வந்தவர் குனிய மாட்டார். நாற்காலியில் சீட்டைச் சாய்க்கும் வசதி இருந்தால் சாய்த்த நிலையிலும் அளந்து வையுங்கள். இரண்டு, அகலம். ராம்ப் சுமார் 30 அங்குலம் இருக்கும். ஜாய்ஸ்டிக் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்து அளக்க வேண்டும், பல பேர் கோட்டைவிடுவது அங்கேதான். மூன்று, கால்பலகை நுனியிலிருந்து பின்சக்கரம் வரையான நீளம். பக்கவாட்டில் ஏறியபின் உள்ளே திரும்பி முன்னோக்கி நிற்க வேண்டும். நீளம் 48 அங்குலத்தைத் தாண்டினால் திரும்ப இடம் இருக்கிறதா என்று வேன்காரரிடம் கேட்டே ஆக வேண்டும். எடையும் சொல்லுங்கள். நாற்காலி 160 கிலோ, அப்பா 75 கிலோ என்றால் மொத்தம் 235. சாதாரண ராம்ப் 350 கிலோவுக்கு மேலேயே தாங்கும்.

பக்கக் கதவு ராம்பையே கேளுங்கள். பல வேன்களில் முன் பயணி சீட்டைக் கழற்றிவிட்டு நாற்காலியை ஓட்டுநர் பக்கத்திலேயே நிறுத்தலாம். ஊர் பார்க்க வந்தவருக்குக் கண்ணாடி வழியே கடல் தெரியும். பின்கதவு ராம்ப் என்றால் நடுவில் உட்கார்ந்து முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். ஆனால் ஒரு விதிவிலக்கு, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பக்க ராம்ப் இறங்கி, நாற்காலி திரும்ப, வேனுக்கு வலப்புறம் சுமார் 8 அடி காலி இடம் வேண்டும். 'வேன்' என்று எழுதிய ஊனமுற்றோர் பார்க்கிங்கில் கோடு போட்ட அந்த இடம் இருக்கும். அது நிரம்பியிருந்தால் சாதாரண இடத்தில் நிறுத்த வேண்டிவரும், பக்கத்தில் யாராவது ஒட்டி நிறுத்திவிடுவார்கள். நீங்கள் திரும்பி வரும்போது ராம்பைத் திறக்கவே முடியாது. அப்போது அப்பாவை ஓரமாக நிறுத்தி, வேனை வெளியே எடுத்து, காலியான இடத்தில் ஏற்ற வேண்டும். பின்கதவு வேனில் இந்தத் தொல்லை கிடையாது, நேரே ஏறி நேரே இறங்கலாம். நாற்காலி ரொம்ப நீளமாக இருந்து உள்ளே திரும்ப முடியாது என்றாலும் பின்கதவே மேல். ஆனால் பார்க்கிங்கில் வண்டிகள் ஓடும் பாதையில் நின்றுதான் ஏற்ற வேண்டும். ஒருவர் பின்னால் நின்று வரும் வண்டிகளை நிறுத்தியாக வேண்டும். உங்கள் அளவு 48 அங்குலத்துக்குள் அடங்கினால் இதையெல்லாம் மறந்துவிட்டுப் பக்கக் கதவையே எடுங்கள்.

அந்த பார்க்கிங்குக்கு நீல அட்டை வேண்டும். வேனோடு அட்டை வராது. அது ஆளுக்கு உரியது. கலிஃபோர்னியாவில் டாக்டர் சான்றோடு வாங்கிய அட்டை ஹவாயிலும் செல்லும். அட்டையில்லாமல் நிறுத்தினால் அபராதம் 250 டாலரில் தொடங்கும்.

கட்டும் முறையில் அலட்சியம் கூடாது. நாற்காலி முன்னோக்கியே நிற்க வேண்டும், பக்கவாட்டில் ஒருபோதும் வேண்டாம். தரையிலிருந்து முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நாலு பட்டைகள் வரும். கொக்கியை நாற்காலியின் இரும்புச் சட்டத்தில் மாட்டுங்கள். பல நாற்காலிகளில் கொக்கிப் படம் போட்ட இடமே இருக்கும். கழற்றக்கூடிய கால்பலகை, கைப்பிடி, சக்கரம், இவற்றில் மாட்டவே கூடாது. பின்பட்டைகள் தரையோடு 30 முதல் 45 டிகிரி, முன்பட்டைகள் 40 முதல் 60 டிகிரி சரிவில் நிற்க வேண்டும். பட்டைகள் பிடித்திருப்பது நாற்காலியைத்தான், அப்பாவை அல்ல. அவருக்குத் தனியாக இடுப்பும் தோளும் சேர்ந்த சீட் பெல்ட் போட வேண்டும். நாற்காலியோடு வந்த நெஞ்சுப் பட்டை உட்கார்வதற்கான பிடிமானம் மட்டுமே; வண்டி மோதினால் காப்பாற்றாது. கட்டி முடித்து, மோட்டாரை அணைத்து, நாற்காலியை இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் அசைந்தாலும் மறுபடி கட்டுங்கள். ராம்பில் ஏறும்போது பின்னால் யாரும் நின்று தாங்க வேண்டாம். 160 கிலோ சரிந்தால் யாராலும் பிடிக்க முடியாது.

எஞ்சினை அணைத்துவிட்டு ராம்பைத் திரும்பத் திரும்ப இறக்கி ஏற்றினால் வேன் பேட்டரி இறங்கிவிடும். ஒப்படைக்க வருபவரிடம், கையால் ராம்பை இறக்குவது எப்படி என்று செய்தே காட்டச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் விடாதீர்கள்.

இனி ஏஜெண்ட். பாதிப் பணத்தை முன்னால் கேட்பவர்களில் பெரும்பாலோரிடம் வேன் இருக்காது. உங்கள் பணத்தை வைத்துக்கொண்டு வேன் தேடுவார்கள். கிடைக்கவில்லை என்றால், சாதாரண பெரிய வேனை அனுப்பி "வீல்சேரை டிக்கியில் வைத்துக்கொள்ளலாம் சார்" என்பார்கள். மடக்கு நாற்காலிக்கு அது சரி. உங்கள் நாற்காலி மடங்காது, அப்பாவும் மாறி உட்கார மாட்டார். 'வீல்சேர் ஃப்ரெண்ட்லி' என்ற வார்த்தையை யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கப்பலின் சுற்றுலா மேசையும் விதிவிலக்கல்ல. அங்கே நாற்காலிப் படம் போட்ட பல பயணங்கள் பஸ்ஸில் மூன்று படி ஏறக்கூடியவர்களுக்கானவை. படத்தைப் பார்க்காமல் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள்.

ஏஜெண்டிடம் கேட்க வேண்டியவை: அதே வேனின் ராம்ப் இறக்கிய படம், கதவு உயரம், ராம்ப் அகலம், வேனின் உரிமையாளர் யார், ஒப்பந்தம் யார் பெயரில் வரும். பதில் வராவிட்டால் விடுங்கள். அவர் தந்த திட்டத்தில் லஹைனா ஃப்ரண்ட் ஸ்ட்ரீட்டில் உலாவுவது இருந்தால், 2023 ஆகஸ்ட் தீயில் அழிந்த தெருவை உங்களுக்கு விற்கிறார் என்று அர்த்தம். ஸெல்லில் (வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் அனுப்பும் சேவை) பணம் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள், போனால் திரும்பாது. ஓட்டுபவர் பெயரிலுள்ள கிரெடிட் கார்டில், வேன் வைத்திருப்பவருக்கு நேரடியாகக் கட்டுங்கள். அந்த கார்டு தரும் காப்பீடு மாற்றியமைத்த வேனுக்குச் செல்லுமா என்று கார்டு கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். சில கார்டுகள் தராது.

வேன்காரரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை மூன்று. வேனைத் துறைமுக வாசலுக்கு உள்ளே தருவாரா, வெளியேயா. வெளியே என்றால் நாற்காலி போகும் நடைபாதை உண்டா? கடல் கொந்தளித்துக் கப்பல் அந்தத் தீவையே தவிர்த்துவிட்டால் பணம் திரும்ப வருமா? வேன் நடுவழியில் நின்றால் இரண்டாவது வேன் தீவில் இருக்கிறதா? இழுத்துப்போக வரும் வண்டி வேனை மட்டும்தான் எடுத்துப்போகும், அப்பாவை அல்ல. இதற்கு மாற்றாக மாவியிலும் கவாயிலும் கவுண்டியின் (உள்ளூர் நிர்வாகத்தின்) பாராடிரான்சிட் சேவை உண்டு, சாதாரண பஸ்ஸில் ஏற முடியாத ஊனமுற்றோருக்கான வண்டி அது. உங்கள் ஊரில் அப்பாவுக்கு அந்தத் தகுதிச் சான்று இருந்தால், வெளியூர்க்காரராக வருடத்துக்கு 21 நாள் பயன்படுத்தலாம். ஆனால் முன்பதிவு வேண்டும். கிளம்பும் முன்பே பேசி வையுங்கள்.

எங்கே போவது? மாவியில் ஹானா சாலை வேண்டாம். 600-க்கு மேல் வளைவுகள். நாற்காலியில் உடம்பைத் தாங்க முடியாதவருக்கு அது சித்திரவதை. அதையும் தாண்டித் தெற்குப் பக்கமாகச் சுற்றிவரும் சாலையைப் பல வாடகை ஒப்பந்தங்கள் தடை செய்கின்றன. தரை தாழ்ந்த வேனுக்கு மண்சாலை எதுவும் ஆகாது. ஞாயிறன்று ஹலேயகலா எரிமலை. உச்சி 10,023 அடி. கடல் மட்டத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஏறிவிடுவீர்கள், காற்று மெலிந்துவிடும். பக்கவாதம் வந்தவர் என்பதால் டாக்டரிடம் கேட்காமல் போகக் கூடாது. அவர் தயங்கினால் 7,000 அடியிலுள்ள பூங்கா அலுவலகத்தோடு திரும்பிவிடுங்கள். மேலே குளிரும், போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். லோ கியரில் வாருங்கள். நுழைவுக் கட்டணம் வண்டிக்கு 30 டாலர், பணமாக வாங்க மாட்டார்கள். அப்பாவிடம் கிரீன் கார்டு இருந்தால் ஊனமுற்றோருக்கான இலவச ஆயுள் பாஸ் உண்டு. திங்களன்று ஈயாவ் பள்ளத்தாக்கு. ஹவாய்வாசி அல்லாதவர்கள் முன்பதிவு செய்தாக வேண்டும். மேல் காட்சி மேடைக்குப் படிகள்தான், கீழே உள்ள பாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கவாயில் வியாழன் வைமேயா கேன்யன். போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், காட்சி மேடைக்கு ராம்ப் உண்டு. வெள்ளி காலை வைலுவா. அங்குள்ள இந்து மடத்தில், பெங்களூரு அருகே கருங்கல்லில் செதுக்கிக் கொண்டுபோய் அடுக்கிய, 'இறைவன் கோயில்' என்றே பெயர்கொண்ட கோயிலுக்கு 2023-இல் குடமுழுக்கு நடந்தது. பார்வையாளர்களுக்குக் காலை நேரம் மட்டுமே. முன்பதிவையும் நாற்காலிப் பாதையையும் மடத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள். வைலுவா சாலையில் நெரிசல் அதிகம், 11 மணிக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும்.

ஒவ்வொரு ராத்திரியும் நாற்காலியைக் கப்பல் அறையில் சார்ஜ் போடுங்கள். சர்ஜ் புரொடெக்டர் (மின்னழுத்தம் திடீரென ஏறினால் தடுக்கும் கருவி) உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கப்பலில் பிடுங்கிக்கொள்வார்கள், எந்த ஒயரை அனுமதிப்பார்கள் என்று கப்பல் கம்பெனியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நாற்காலி இந்தியாவில் வாங்கியது என்றால் சார்ஜரில் 110 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். வேனை வாங்கும்போது நாலு பட்டைகளையும் சீட் பெல்ட்டையும் ராம்பின் ஓரத்தையும் போனில் படமெடுத்து வையுங்கள். திருப்பித் தரும்போது ஒரு பட்டை குறைந்தது என்று பில் வருவது அடிக்கடி நடக்கிறது.