முயலின் இடுப்பில் ஒரு ஸ்ப்ரே டப்பா
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ‘ஜூட்டோபியா’ விலங்குகள் பேசும் கார்ட்டூன் படம்தானே? அதில் சமூகத்தின் முன்முடிவுகளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது. டிஸ்னி 2016-ல் வெளியிட்ட இந்தப் படத்தை பைரன் ஹோவர்டும் ரிச் மூரும் இயக்கினார்கள். சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதையும் வென்றது. இரை விலங்குகளும் வேட்டை விலங்குகளும் ஒன்றாக வாழும் நகரம். அங்கே முதல் முயல் போலீஸாக வந்து சேர்கிறாள் ஜூடி. ஏமாற்றிப் பிழைக்கும் நிக் என்ற நரியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, காணாமல்போன ஒரு நீர்நாயைத் தேடுகிறாள்.

கெட்டவர்கள் பாகுபாடு காட்டுகிறார்கள், நல்லவர்கள் எதிர்க்கிறார்கள் என்று சொல்லும் படங்களுக்குப் பஞ்சமில்லை. இந்தப் படம் நாயகியையே கூண்டில் ஏற்றுகிறது. அதுதான் இதன் பலம். காவல் நிலையத்துக்கு வந்த முதல் நாளே ‘க்யூட்’ என்று அழைக்கப்பட்டதும் ஜூடி முகம் சுளிக்கிறாள். ஒரு முயல் இன்னொரு முயலை அப்படிச் சொல்லலாம், மற்றவர்கள் சொன்னால் உறுத்தும் என்று தயங்கித் தயங்கி விளக்குகிறாள். அதே நாளில் ஐஸ்கிரீம் கடையில் நரியைச் சந்திக்கும்போது, “எவ்வளவு தெளிவாகப் பேசுகிறீர்கள்” என்று மனதாரப் பாராட்டுகிறாள். நரிக்குத் தெளிவாகப் பேச வராது என்ற எண்ணம் உள்ளே இருந்தால்தான் இந்தப் பாராட்டு வெளியே வரும். தனக்கு வலித்ததைத்தான் அடுத்தவருக்குச் செய்கிறோம் என்று அவளுக்குத் தெரியவே இல்லை.

கேள்வி: படத்தில் கூர்ந்து பார்க்க வேண்டிய காட்சி எது?

பதில்: பத்திரிகையாளர் சந்திப்பு. ஆனால் அதை நரி விரட்டும் ஸ்ப்ரேயிலிருந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும்போது பெற்றோர் அதை ஜூடியிடம் திணிக்கிறார்கள். முதல் நாள் வேலைக்குப் புறப்படுகிறவள் அதை அறையிலேயே விட்டுவிட்டு வெளியே வருகிறாள். ஒரு நொடி தயக்கம். திரும்பிப் போய் எடுத்து இடுப்பில் மாட்டிக்கொள்கிறாள். வசனமே கிடையாது.

பிறகு வேட்டை விலங்குகள் சில திடீரென வெறிபிடித்துத் தாக்குகின்றன. ஏன் என்று நிருபர்கள் கேட்கிறார்கள். ஜூடியிடம் பதில் இல்லை. ஆனாலும் பதில் சொல்கிறாள். அவற்றின் உடற்கூறில், டி.என்.ஏ.வில் ஏதோ இருக்கலாம், பழைய காட்டுக்குணம் திரும்புகிறது போலிருக்கிறது என்கிறாள். வெறுப்பில் சொல்லவில்லை. தெரியாத இடத்தை, சின்ன வயதிலிருந்து காதில் விழுந்ததை வைத்து நிரப்பிவிடுகிறாள். முன்முடிவு பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. அறிவியல் சொல் ஒன்றைப் போர்த்திக்கொண்டால் கேட்பவரும் நம்பிவிடுவார்.

கொஞ்சம் தள்ளி நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறான் நிக். சிறுவனாக இருந்தபோது சாரணர் குழுவில் சேரப் போய், நரி என்பதற்காக வாயில் பூட்டு மாட்டப்பட்டவன். “நீ அந்த மாதிரி இல்லை” என்கிறாள் ஜூடி. என்னைப் பார்த்தால் பயமா என்று கேட்டு அவன் சட்டென்று பாய்வதுபோல் அசைகிறான். அவள் கை தானாக ஸ்ப்ரேக்குப் போகிறது. வாய் சொன்னதைக் கை பொய்யாக்கிவிட்டது.

அதன் பின்விளைவுகளையும் படம் சுருக்கமாகக் காட்டுகிறது. ரயிலில் புலி ஒன்று பக்கத்தில் உட்கார்ந்ததும் ஒரு தாய் தன் குட்டியை இழுத்து அணைத்துக்கொள்கிறாள். காவல் நிலையத்தின் வரவேற்பு மேசையில் இருந்த சிவிங்கிப்புலி கிளாஹவுஸரைக் கீழ்த்தளத்துப் பதிவேட்டு அறைக்கு மாற்றுகிறார்கள். உள்ளே வருகிறவர் முதலில் பார்ப்பது வேட்டை விலங்கின் முகமாக இருக்கக் கூடாதாம். யாரும் அவரைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஓர் இடமாற்றம், அவ்வளவுதான்.

கேள்வி: வேட்டை விலங்கு இரையைத் தின்றது உண்மைதானே? அப்படியானால் பயம் நியாயமென்று ஆகிவிடாதா?

பதில்: சரியான கேள்வி. படத்தின் பலவீனம் இங்கேதான். நரிக்கும் முயலுக்கும் உடலில் உண்மையான வேறுபாடு உண்டு, உண்மையான வேட்டை வரலாறும் உண்டு. மனிதக் கூட்டங்களுக்கு இடையே அப்படி எதுவும் இல்லை. ஆகவே ‘இந்த விலங்கு இந்தச் சமூகம்’ என்று நேருக்கு நேர் பொருத்தினால் தப்பான பாடத்தில் போய் நிற்போம். பொருத்திப் பார்க்கவும் முடியாது: வேட்டை விலங்குகள் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கு, ஆனால் மேயர் ஒரு சிங்கம், இரை விலங்குகள் பெரும்பான்மை, ஆனால் முயலுக்குப் போலீஸ் வேலை எட்டாக்கனி. எல்லாரும் எல்லாரையும் ஒதுக்குகிறார்கள் என்ற தோற்றம் வருவதால், தலைமுறை தலைமுறையாக ஒரே பக்கம் குவியும் அதிகாரத்தைப் பற்றிப் படம் அதிகம் பேசுவதில்லை.

ஆனால் அந்த வெறிக்குக் காரணம் ரத்தமல்ல, ஒரு பூவிலிருந்து எடுத்த நஞ்சு என்று படமே பிறகு சொல்லிவிடுகிறது. அதைச் செலுத்தச் சொன்னது துணை மேயரான ஆடு பெல்வெதர். மேயரிடம் நாளெல்லாம் அவமானப்பட்டவள். மிதிபட்டவரும் மிதிக்கலாம் என்று காட்டும் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

கேள்வி: படம் தயாரிப்பில் இருந்தபோது கதை வேறாக இருந்ததாமே?

பதில்: ஆம். நிக்தான் முதலில் மையப் பாத்திரம். வேட்டை விலங்குகள் எல்லாம் கழுத்தில் மின்பட்டை அணிந்திருக்கும். உணர்ச்சிவசப்பட்டால் ஷாக் அடிக்கும். அந்த நகரத்தின்மேல் பார்ப்பவருக்கு ஒட்டுதலே வரவில்லை. வெளியாக இரண்டு ஆண்டுகூட இல்லாத நிலையில் கதையை ஜூடியின் பக்கம் திருப்பினார்கள். கண்ணுக்குத் தெரிந்த பட்டை போய், கண்ணுக்குத் தெரியாத முன்முடிவு வந்தது. நல்ல மாற்றம்.

கேள்வி: நான் ஆசிரியை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இதைத் திரையிட்டுப் பேச விரும்புகிறேன். எப்படி நடத்துவது?

பதில்: படம் 108 நிமிடம். ஒரே மூச்சில் போட்டுவிட்டு ‘என்ன புரிந்தது’ என்று கேட்டால் ‘எல்லாரும் சமம்’ என்ற மனப்பாடப் பதில்தான் வரும். இரண்டு நாளாகப் பிரியுங்கள். முதல் நாளைப் பத்திரிகையாளர் சந்திப்பில் நிறுத்துங்கள்.

படம் தொடங்கும் முன் ஆளுக்கொரு தாள் கொடுத்து நரி, முயல், ஆடு, சிங்கம் ஒவ்வொன்றுக்கும் மனதில் வரும் ஒரே ஒரு சொல்லை எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். ‘தந்திரம்’, ‘அப்பாவி’ என்று வந்து குவியும். அவற்றை மடித்து வைத்துவிட்டு, பெல்வெதர் யாரென்று தெரிந்த பிறகு பிரித்துப் படியுங்கள். ஆட்டுக்கு ‘அப்பாவி’ என்று எழுதிய கை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். நீங்கள் விளக்க வேண்டியிராது.

ஐஸ்கிரீம் கடைக் காட்சியில் ஒருமுறை நிறுத்துங்கள். ‘ஜூடி நல்லவளா?’ என்று கேட்க வேண்டாம். அது ஆளைப் பற்றிய தீர்ப்பாகிவிடும். ‘அவள் எதைப் பார்த்தாள்? எதை ஊகித்தாள்?’ என்று கேளுங்கள். நான்கு நான்கு பேராகப் பேசவிட்டால் கூச்சப்படுகிறவர்களும் வாய் திறப்பார்கள்.

வழக்கமாகக் கெடுகிற இடம் ஒன்று உண்டு. ‘நம் வகுப்பில் நரி மாதிரி நடத்தப்படுவது யார்?’ என்று ஆர்வத்தில் கேட்டுவிடுவார்கள். உடனே இருபது தலைகள் ஒரு பிள்ளையின் பக்கம் திரும்பும். அந்தப் பிள்ளைக்கு அதுவே இன்னொரு வாய்ப்பூட்டு. சொந்த அனுபவத்தைச் சொல்லும்படி யாரையும் அழைக்காதீர்கள். தானாக வந்தால் கேளுங்கள், நடுவில் வேறு யாரும் ‘அவங்க அப்படி நினைச்சிருக்க மாட்டாங்க’ என்று குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள், பாலத்தின் அடியில் ஜூடி மன்னிப்புக் கேட்கும் காட்சிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். ‘உன் மனம் புண்பட்டிருந்தால்’ என்று அவள் தொடங்குவதில்லை. தான் அறியாமையில் பேசினேன், பொறுப்பில்லாமல் நடந்தேன் என்கிறாள். இந்த இரண்டு விதமான மன்னிப்பையும் பலகையில் அடுத்தடுத்து எழுதி, எதில் யார் மேல் பழி விழுகிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.