ஒற்றை ஆளின் ஓய்வுக்காலக் கணக்கு

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

வணக்கம். எனக்கு அறுபது முடிந்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிங்கப்பூரில், அங் மோ கியோவில் மூவறை வீட்டில் தனியாக இருக்கிறேன். வீட்டுக் கடன் எப்போதோ அடைந்துவிட்டது. செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வேலையை ஆரம்பித்தவன், இப்போது கட்டடப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன்.

என் கேள்வி சின்னது. தனியாளாக ஓய்வுபெறுகிறவன் நிம்மதியாக இருக்க எவ்வளவு பணம் வேண்டும்? 2020இல் 55 வயது ஆனபோது சிபிஎஃப் எனும் மத்திய சேமநிதிக் கணக்கில் முழு ஓய்வுக்காலத் தொகையான 181,000 வெள்ளி ஒதுக்கியாகிவிட்டது. 65 வயதிலிருந்து மாதம் 1,400 வெள்ளிக்குப் பக்கத்தில் வரும் என்கிறார்கள். வங்கியில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்பும் இருக்கிறது. இது போதுமா? குடும்பம் இருக்கிறவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு யார்?

நான் இப்படித் தனியாக நின்றதற்குக் காரணம் உண்டு. அப்பா போனபோது எனக்கு 19 வயது. தேசிய சேவை முடிந்த மறு வாரமே வேலைக்குப் போனேன். தம்பியைத் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்க வைத்தேன். தங்கை கல்யாணத்தை எந்தக் குறையும் இல்லாமல் நடத்தினேன். எனக்கு வந்த வரன்களை அம்மா ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்றே தள்ளிப்போட்டார். அடுத்த வருஷம் வரவேயில்லை. நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஒரு வாழ்க்கை வேண்டாமா என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்டிருக்கலாம்.

அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் நான்தான். ஈமச்சடங்குச் செலவை மட்டும் ஆளுக்குப் பாதி போடலாம் என்று தம்பியிடம் சொன்னேன். அதற்கு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டவன்தான். இன்றுவரை பேச்சு இல்லை. நான் கணக்குப் பார்க்கிறவன் அல்ல அம்மா. பார்த்திருந்தால் தம்பி படிப்புக்கு எவ்வளவு, தங்கை நகைக்கு எவ்வளவு என்று இன்றைக்கும் சொல்ல முடியும், வேண்டாம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலையில் நான் முருகன் படத்தோடு வணக்கம் போடுவேன். ஒருவரும் பதில் போடமாட்டார்கள். யாருக்காவது பிறந்தநாள், புதுமனைப் புகுவிழா என்றால் மட்டும் ‘பெரியப்பா வந்துடுங்க’, ‘மாமா மறந்துடாதீங்க’ என்று வரும். போவேன். பணம் வைத்த உறை கொடுப்பேன். சாப்பிடுவேன். பேருந்து ஏறி வந்துவிடுவேன். என்னைக் கொண்டுபோய் விட ஒருத்தருக்கும் தோன்றாது. நானும் கேட்பதில்லை. கேட்டு வாங்குவதா பாசம்?

இந்த ஆண்டு எனக்கு டெங்கி வந்தது. எதிர்வீட்டுச் சீனப் பெரியவர்தான் காப்பிக்கடையிலிருந்து கஞ்சி வாங்கி வந்து கதவைத் தட்டிக் கொடுத்தார். ரத்தச் சொந்தம் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. நான் சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் ஒரு வாரம் குழுவில் முருகன் படம் வரவில்லையே, ஏன் என்று ஒருவர் யோசிக்க வேண்டாமா? தங்கை மகள் மட்டும் எப்படியோ தெரிந்து வந்தாள். அதுவும் காய்ச்சல் இறங்கின பிறகு. ராத்திரி கூடத்திலேயே படுத்துக்கொண்டாள். மணிக்கு ஒருதரம் எழுப்பித் தண்ணீர் குடிக்கச் சொல்லித் தொந்தரவு வேறு.

பணத்துக்கு வருகிறேன். பக்கத்து புளோக்கில் ஒருவர் 65 வயதில் லீஸ் பைபேக் செய்தார். வீட்டின் பின்பகுதிக் குத்தகை ஆண்டுகளை எச்டிபி எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடமே (வீவக) விற்று, அந்தப் பணத்தில் மாத வருமானத்தைக் கூட்டிக்கொண்டார். அதே வீட்டில்தான் இருக்கிறார். எனக்கும் அது சரியாக வரும். ஆனால் ஒரு சின்னச் சங்கடம். தம்பி மகன் சின்ன வயதிலிருந்து என்மேல் பாசமாக இருப்பான், அவனிடம் ஒரு பேச்சுக்கு ‘இந்த வீடு உனக்குத்தான்’ என்று சொல்லியிருக்கிறேன். தங்கை மகனிடமும் அப்படித்தான். தங்கை மகளிடமும் போன தீபாவளிக்குச் சொன்னேன். ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. பையன்கள் இரண்டு பேருக்கும் பொங்கோலிலும் தெங்காவிலும் சொந்த வீடு ஆகிவிட்டது. சிரித்துக்கொண்டு ‘சரி’ என்றார்கள். இவள்தான், ‘மாமா, எனக்கு 35 ஆனதும் நானே ஒரு வீடு வாங்கிக்குவேன். நீங்க இதை வித்துச் சாப்பிடுங்க’ என்று முகத்துக்கு நேரே சொன்னாள். பெரியவர்களிடம் பேசுகிற பேச்சா அது? அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதை விடுங்கள்.

ஓர் அறையை வாடகைக்கு விடலாமா? மலேசியாவில், ஜோகூரில் செலவு குறைவு என்கிறார்களே, அங்கே போய்விடலாமா? அல்லது இன்னும் 50,000 வெள்ளி சேர்க்கும்வரை வேலையை விடாமல் இருப்பதா? எவ்வளவு இருந்தால் ஒருவன் யாரையும் எதிர்பார்க்காமல் சாகலாம்? நேரடியாக ஒரு தொகை சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அங் மோ கியோ பெரியப்பா


அன்புள்ள ஐயா,

தொகையை முதலில் பேசிவிடுவோம், அது சுலபம். கடனில்லாத வீடு இருக்கிறது. உயிரோடு இருக்கும்வரை நிற்காத மாத வருமானம் வரப்போகிறது. 2026 ஜூலை முதல் ஓய்வுபெறும் வயது 64, மறுவேலைக்கான வயது வரம்பு 69 என்று ஆகிறது. ஆகையால் உடம்பு ஒத்துழைத்தால் இன்னும் சில ஆண்டுகள் சம்பளமும் உண்டு. சிபிஎஃப் லைஃப் என்கிற அந்த மாத வருமானத்தை 65இல் வாங்காமல் தள்ளிப்போட்டால், 70 வயதுவரை ஒவ்வோர் ஆண்டுக்கும் 7 விழுக்காடு வரை கூடும். ஜோகூர் வேண்டாம். நீங்கள் பழகிய காப்பிக்கடையும் உங்கள் கதவைத் தட்டுகிற பெரியவரும் அங்கே கிடையாது. ஆக, பணத்தில் நீங்கள் பயப்பட வேண்டிய இடத்தில் இல்லை. இது உங்களுக்கே தெரியும். எண்களை என்னைவிடச் சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள்.

‘அதை விடுங்கள்’ என்று நீங்கள் தாண்டிப்போன இடத்தைத்தான் என்னால் விட முடியவில்லை.

ஒரே வீட்டை மூன்று பேருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு பேச்சுக்குத்தான் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 19 வயதில் குடும்பத்தைத் தோளில் ஏற்றிக்கொண்ட பையன் ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டான்: கொடுக்கிற வரைக்கும்தான் இந்த வீட்டில் எனக்கு இடம். அந்தப் பாடம் அன்றைக்குப் பொய்யும் இல்லை. உங்கள் அம்மா வரன்களைத் தள்ளிப்போட்டது உங்கள் சம்பளத்தை நம்பித்தான். அதை மழுப்பிப் பேச நான் தயாரில்லை. அது உங்களுக்கு நடந்த அநியாயம். ஒருத்தர் கேட்டிருக்கலாம் என்று எழுதினீர்களே, கேட்டிருக்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் பிள்ளைகள் மூவரும் உங்களிடம் அப்படி நடந்துகொண்டவர்கள் அல்லர். அவர்கள் கேட்காமலே நீங்கள்தான் விலை சொன்னீர்கள். கையில் இருந்த பணமெல்லாம் கொடுத்துத் தீர்ந்து, மிஞ்சியது வீடு. அதைக் காட்டி, நாளைக்கு வந்து எட்டிப் பாருங்கள் என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறீர்கள்.

இதில் ஏமாந்தவர் அவர்கள் இல்லை, நீங்கள். வீட்டைக் காட்டி அழைத்தவருக்கு, வந்தவர் எதற்காக வந்தார் என்று கடைசிவரை தெரியப்போவதில்லை. தம்பி மகனின் பாசம் சின்ன வயதிலிருந்து இருப்பது என்று நீங்களே எழுதுகிறீர்கள். அதற்கு மேல் வீட்டைப் போட்டு மூடிவிட்டீர்கள். இனி அவர் தொலைபேசியில் அழைத்தால் ‘வீட்டுக்காக’, அழைக்காவிட்டால் ‘வீடு சொல்லியும் கூட’. இரண்டு பக்கமும் உங்களுக்குத்தான் வலிக்கிறது.

தங்கை மகளுக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய தேதிகளைச் சேர்த்துப் பார்த்தேன். வீடு வேண்டாம் என்று அவர் சொன்னது போன தீபாவளிக்கு. டெங்கி வந்தது இந்த ஆண்டு. அதாவது, உங்கள் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்ட பிறகுதான் அவர் வந்து உங்கள் கூடத்தில் படுத்தார். காய்ச்சல் இறங்கின பிறகு வந்தார் என்று குறைபட்டீர்கள். டெங்கியில் காய்ச்சல் இறங்குகிற ஓரிரண்டு நாள்தான் ஆபத்தான கட்டம். ரத்த அழுத்தம் விழுவதும் உள்ளே கசிவதும் அப்போதுதான் நடக்கும். மணிக்கு ஒருதரம் எழுப்பித் தண்ணீர் கொடுத்தது தொந்தரவு இல்லை ஐயா. அந்தப் பெண் விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார்.

அப்படியானால் அவர்மேல் ஏன் இவ்வளவு கோபம்? ஒன்றும் வேண்டாம் என்கிறவரிடம் உங்கள் கணக்கு செல்லாது, அதனால்தான். கொடுக்க எதுவும் இல்லாத இடத்தில் நீங்கள் யார் என்று உங்களுக்கே தெரியவில்லை. அன்றைக்குத் தூக்கம் வராததற்கு அந்தப் பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன். ‘வித்துச் சாப்பிடுங்க’ என்றதை மரியாதைக் குறைவாகக் கேட்டீர்கள். என் காதில் அது, நீங்கள் நல்லபடியாகச் சாப்பிட்டால் எனக்குப் போதும் மாமா என்றுதான் விழுகிறது.

டெங்கி விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்க முடியவில்லை, மன்னியுங்கள். யாரிடமும் சொல்லாமல் படுத்துக்கொண்டு, யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்ப்பது பரீட்சை வைப்பது. பரீட்சை நடக்கிறது என்றே தெரியாதவர்கள் அதில் தோற்றார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும் தேறினார், ஏனென்றால் அவரிடம் உங்களால் மறைக்க முடியவில்லை. கேட்டு வாங்குவதா பாசம் என்கிறீர்கள். உங்களிடம் எல்லோரும் கேட்டுத்தான் வாங்கினார்கள். அதை நீங்கள் பாசம் என்றுதானே இத்தனை ஆண்டு கொடுத்தீர்கள்?

வாய்ச்சொல்லின் சட்ட மதிப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் உயில் எழுதவில்லை என்று ஊகிக்கிறேன். மனைவி, பிள்ளை, பெற்றோர் இல்லாத ஒருவர் உயிலின்றிப் போனால், சொத்து உடன்பிறந்தவர்களுக்குச் சமமாகப் பிரியும். வீட்டில் பாதி உங்களோடு பேசாத தம்பிக்கு. நீங்கள் சொன்ன மூவரில் ஒருவருக்கும் நேரடியாக எதுவும் இல்லை. சிபிஎஃப் சேமிப்போ உயிலுக்குள்ளேயே வராது. அதற்குத் தனியாக நியமனம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும். இன்னொன்று. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு வீவக வீடுகளை வைத்திருக்க முடியாது. பொங்கோலிலும் தெங்காவிலும் வீடு வாங்கியவர்கள் உங்கள் வீட்டில் வந்து விளக்கேற்றப் போவதில்லை, விற்கத்தான் வேண்டியிருக்கும். அவர்கள் சிரித்துக்கொண்டே ‘சரி’ என்றதன் அர்த்தம் அதுவாகவும் இருக்கலாம்.

ஆகவே அந்த வாக்கைத் திரும்பப் பெறுங்கள். மூவரையும் ஒன்றாக உட்காரவைத்து, தனித்தனியாகச் சொன்னதை ஒருசேரச் சொல்லி, வீடு இனி என் முதுமைச் செலவுக்கு என்று முடித்துவிடுங்கள். கொஞ்சம் கூச்சமாக இருக்கும். யாராவது அதோடு வருவதை நிறுத்தினால் அதுவும் தெரியட்டும். அறுபதில் தெரிவது எண்பதில் தெரிவதைவிட மேல். பிறகு லீஸ் பைபேக் செய்வதா, அறையை வாடகைக்கு விடுவதா என்பது வெறும் கணக்கு. 65 ஆகட்டும், வீவக கிளையில் போய்க் கேளுங்கள். மிச்சம் இருப்பதை விரும்பியவருக்கு உயிலில் எழுதலாம், ஆனால் உயிரோடு இருக்கையில் அதை வாயால் சொல்லாதீர்கள்.

நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். 2005இல் 40 வயதானவர் நீங்கள். விலகியிருக்காவிட்டால் பழைய எல்டர்ஷீல்ட் இருக்கும். இயலாமை வந்தால் அது தருவது மாதம் 300 வெள்ளி, ஐந்து ஆண்டுக்கு மட்டும். உடம்பு நன்றாக இருக்கும்போதே கேர்ஷீல்ட் லைஃபுக்கு மாற முடியுமா என்று விசாரியுங்கள். அதில் தொகை, இயலாமை நீடிக்கிறவரை வரும்.

யாரையும் எதிர்பார்க்காமல் சாக எவ்வளவு வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அப்படி ஒரு தொகை இல்லை. 10 லட்சம் வெள்ளி வைத்திருந்தாலும், நினைவு தப்பிப்போனால் உங்களுக்காக வங்கியில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், மருத்துவரிடம் ஒருவர் பேச வேண்டும். அதற்குத்தான் எல்பிஏ என்கிற அதிகாரப் பத்திரம். புத்தி தெளிவாக இருக்கும்போதே நம்பிக்கையான ஒருவரை நியமித்து வைத்தால், பின்னால் குடும்பம் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை. நியமிக்கப்படுகிறவருக்கு இதில் லாபம் எதுவும் கிடையாது, பொறுப்புதான். உங்களுக்கு இது பழக்கமில்லாத காரியம்: கைம்மாறு எதுவும் வைக்காமல் ஒருவரிடம் உதவி கேட்க வேண்டும்.

தங்கை மகளைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவரால் முடியாது என்றால் கட்டணம் வாங்கிக்கொண்டு இந்தப் பொறுப்பை ஏற்கிறவர்களும் இங்கே இருக்கிறார்கள், எனக்கு எழுதுங்கள், விவரம் தருகிறேன். ஆனால் அவரிடம் கேட்கிற அன்றைக்கு வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்காதீர்கள். உறையும் வேண்டாம்.