ராத்திரிப் பசிக்குப் பகலில்தான் வைத்தியம்

கேள்வி: எனக்கு 41 வயது. மண்டபம் பக்கம் ஊர். கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறார், நான் நண்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எடை 74 கிலோ. ஒரு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் போடுகிறேன். பகலில் வாயைக் கட்டித்தான் வைத்திருக்கிறேன். காலையில் டீயும் ஒரு பன்னும், மதியம் மூன்று மணிக்குக் கொஞ்சம் சோறு, இரவு இரண்டு இட்லி, அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகள் தூங்கிய பிறகு, 11 மணிக்கு மேல் என்னால் முடியவில்லை. மீந்த சோறு, மீன் குழம்பு, மிக்சர் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தின்றுவிடுகிறேன். வாரத்தில் இரண்டு நாளாவது நடுத்தூக்கத்தில் எழுந்து சாப்பிடுகிறேன். சாப்பிட்டால்தான் மறுபடி தூக்கம் வருகிறது. அவர் கடலுக்குப் போயிருக்கும் இரவுகளில் இன்னும் மோசம். மாமியார் ஏளனமாகப் பேசுகிறார். பசியை அடக்கும் மூலிகைப் பவுடர் ஒன்றைப் போனில் பார்த்தேன். வாங்கிச் சாப்பிடலாமா?

பதில்: அந்தப் பவுடரை வாங்காதீர்கள், சகோதரி. எந்தக் கம்பெனி என்று நீங்கள் எழுதவில்லை, எழுதியிருந்தாலும் இதையேதான் சொல்வேன். சிபுட்ரமின் என்று பசியை அடக்கும் மருந்து ஒன்று இருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் வரும் ஆபத்தைக் கூட்டுகிறது என்று 2011இல் இந்தியாவில் அதைத் தடை செய்தார்கள். அதற்குப் பிறகும் 'மூலிகை' என்று லேபிள் ஒட்டிய எடைக்குறைப்புப் பொடிகளில் அதைக் கலந்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. சர்க்கரை மாத்திரை சாப்பிடும் ஒருவர், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத பொடியை அதன்மேல் போடுவது வேண்டாத வேலை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போய் நின்றது மிக்சரில் இல்லை, கிளிமிபிரைடில். இந்த மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டால், இரவு 11, 12 மணிக்கு ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்பு உண்டு. அப்போது உடம்பு சும்மா இருக்காது. எதையாவது தின்னு என்று விரட்டும். அந்த நேரத்தில் வரும் வெறிப் பசி உங்கள் மனக்கட்டுப்பாட்டில் உள்ள குறையே இல்லை, உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. காலையில் மாத்திரையும் டீயும் பன்னும் மட்டும் என்பதும் இதே கதைதான். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் பொதுவாக இப்படித் தாழவைக்காது. இங்கே சந்தேகம் கிளிமிபிரைடு மேல்தான்.

அந்த நேரத்தில் உடம்பு வியர்க்கிறதா? கை நடுங்குகிறதா? நெஞ்சு படபடக்கிறதா? கெட்ட கனவு கண்டு எழுகிறீர்களா? காலையில் எழுந்ததும் தலை வலிக்கிறதா? இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலும் என் சந்தேகம் பலமாகும். ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். வீட்டில் சர்க்கரை பார்க்கும் மீட்டர் இல்லாவிட்டால் சில நாளுக்கு யாரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி மட்டும் ஒவ்வொரு முறையும் புதியதாக இருக்க வேண்டும். அடுத்த முறை பானையைத் திறப்பதற்கு முன் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள்.

அளவு 70க்குக் கீழே இருந்தால் சோற்றுப் பானையிடம் போகாதீர்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு உட்காருங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு ஒரு இட்லியோ இரண்டு பிஸ்கட்டோ போதும். மறுநாளே மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரைப் பாருங்கள். அவர் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். 54க்குக் கீழே காட்டினாலோ, பேச்சு குழறினாலோ, பக்கத்து வீட்டாரை எழுப்புங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். மூத்த பிள்ளைக்கு இதை இன்றே சொல்லிவையுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அளவு 250, 300 என்று காட்டினால் கதை வேறு. சர்க்கரை மிக அதிகமாக இருந்தாலும் பசிக்கும். ரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருக்கும், அது செல்லுக்குள் போகாது. கூடவே தாகமும், அடிக்கடி சிறுநீரும் இருக்கும். எப்படியானாலும் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, மீட்டர் 120, 140 என்று சாதாரணமாகவே காட்டுகிறது, ஆனாலும் தின்னத் தோன்றுகிறது என்றால்? அப்போதும் நான் பகலைத்தான் பார்ப்பேன். நண்டு உடைக்கும் வேலையில் நடுவில் கையைக் கழுவிக்கொண்டு எதையாவது வாயில் போட வழியில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் காலை எட்டு மணியிலிருந்து மதியம் மூன்று வரை ஒரு பன்னில் வண்டி ஓட்டினால், அந்தக் கடனை உடம்பு ராத்திரி வட்டியோடு வசூலிக்கும். முந்தின இரவு தின்றதற்குத் தண்டனையாக மறுநாள் காலையும் பட்டினி கிடக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பட்டினிதான் அடுத்த இரவுக்கு அடுப்பு மூட்டுகிறது.

குறிப்பாகப் புரதம். ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 0.83 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது. உங்கள் எடைக்கு 61 கிராம் வரும். டீ, பன், கொஞ்சம் சோறு, இரண்டு இட்லி என்று போனால் அதில் பாதியைத் தொட்டாலே அதிகம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் இருக்கிறது. கடலோரத்தில் இருந்துகொண்டு மீனை ராத்திரிக் குழம்புக்கு மட்டும் வைத்துக்கொள்வது என்ன நியாயம்? ஏற்றுமதிக்குப் போகிற பெரிய மீன் வேண்டாம். சூடையும் மத்தியும் காரலும் போதும். மதியத் தூக்குச்சட்டியில் சோற்றைக் குறைத்து, இரண்டு மூன்று மீனும் ஒரு காயும் கூடுதலாக வையுங்கள். காலையில் அவித்த முட்டை ஒன்று, அல்லது முந்தின நாள் ஊறவைத்த சுண்டல் ஒரு கைப்பிடி. பன்னை விட்டுவிடுங்கள், அதில் மைதாவும் சர்க்கரையும்தான்.

மீந்த சோற்றுக்கு நம் வீடுகளிலேயே ஒரு வழி இருக்கிறது. பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் பானையில் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். ஒன்பது மணிக்கெல்லாம் ஊற்றிவிட வேண்டும். தண்ணீர் விட்ட சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து தின்ன யாருக்கும் தோன்றாது. அது காலைக்கானது என்று கைக்கே தெரியும். விடிந்ததும் சின்னக் கிண்ணம் பழைய சோறு, ஒரு முட்டை அல்லது ஒரு துண்டு மீன், கொஞ்சம் சின்ன வெங்காயம் என்று சாப்பிட்டுவிட்டால், சாப்பிட்டு மாத்திரை போட்ட கணக்கும் சரியாகிவிடும். சர்க்கரை இருப்பதால் கிண்ணம் சின்னதாகவே இருக்கட்டும். அப்புறம், மிக்சரை அரைக்கிலோ பொட்டலமாக வாங்காதீர்கள். 100 கிராமிலேயே 500 கலோரிக்கு மேல் இருக்கிறது, டின்னுக்குள் கை விட்டால் 100 கிராம் எங்கே போனது என்றே தெரியாது. பிள்ளைகளுக்கு வேண்டுமென்றால் சின்னப் பாக்கெட். 'கருப்பட்டிதானே, ஒன்றும் செய்யாது' என்று சாயல்குடிக் கருப்பட்டியைக் கடித்துக்கொள்வோரும் என்னிடம் வருகிறார்கள். அதுவும் சர்க்கரைதான், மீட்டருக்கு அந்தப் பாசமெல்லாம் கிடையாது.

இரவில் ஒன்றுமே தொடக்கூடாது என்ற சபதம் வேண்டாம். சபதம் உடைந்ததும் 'ஆனது ஆகிவிட்டது' என்று பானையையே காலி செய்யத் தோன்றும். அதற்குப் பதிலாக ஒன்பதரை மணிக்கு நீங்களே ஒன்றைச் சாப்பிடுங்கள். சர்க்கரை போடாத ஒரு டம்ளர் பால், அல்லது ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, அல்லது நிலக்கடலை. தை மாதத்தில் பனங்கிழங்கு கிடைக்கும்போது ஒன்று அவித்துச் சாப்பிடலாம், மென்று முடிக்கவே நேரமாகும். விளக்கைப் போட்டு, தட்டில் வைத்து, உட்கார்ந்து சாப்பிடுங்கள். இருட்டில் ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடி தின்பதைத்தான் நிறுத்த வேண்டும். மாமியார் ஏதாவது சொன்னால், 'சர்க்கரை மாத்திரைக்கு இடையில் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள்' என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை.

அதையும் மீறி 11 மணிக்குத் தோன்றினால், மீட்டர் பார்த்து அளவு சரியாக இருந்தால், இருபது நிமிடம் தள்ளிப்போடுங்கள். பல் தேய்த்துவிடுவது நிறையப் பேருக்கு உதவுகிறது. வாசல் பக்கம் நடக்கலாம், மறுநாள் யூனிஃபார்மை மடித்து வைக்கலாம். தின்ன வேண்டும் என்ற அந்த வேகம் பெரும்பாலும் கால் மணி, அரை மணியில் தணிந்துவிடும். தணியவில்லை என்றால் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அதற்காக மறுநாள் பட்டினி கிடக்க வேண்டாம்.

இனி நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி. 'அவர் கடலுக்குப் போயிருக்கும் இரவுகளில் இன்னும் மோசம்.' இங்கே ஒன்று கேட்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் வீட்டில் இருந்தாரே, அப்போது ராத்திரிச் சாப்பாடு எப்படி இருந்தது? குறைந்திருந்தால், பாதி விடை அதிலேயே இருக்கிறது. காற்று, கடல், எல்லைப் பக்கம் என்ன ஆகுமோ என்ற பயம், சிக்னல் கிடைக்காத போன், இதற்கு நடுவில் தனியாக விழித்திருக்கிறீர்கள். வாயில் எதையாவது போட்டால் கொஞ்ச நேரம் நெஞ்சு லேசாகிறது. பயப்படாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அதைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. அதே படகிலோ அடுத்த படகிலோ போனவரின் மனைவி உங்கள் தெருவிலேயே இருப்பார், அவரும் விழித்துத்தான் இருப்பார். அந்த இரவுகளில் ஒன்பது மணிக்கு அவர் வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

போனில் வீடியோ பார்த்தபடி ஒரு மணி வரை விழித்திருந்தால் இன்னொரு தொல்லையும் சேரும். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். பத்து மணி நேரம் படுக்கவிட்ட நாட்களோடு ஒப்பிட்டபோது, வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. அவர்களுக்குத் தின்ன ஆசை வந்ததும் இனிப்பு, உப்புப் பண்டம், மாவுப் பண்டம் மேல்தான். உங்கள் மிக்சர் டின் ஞாபகம் வருகிறதா?

தூக்கத்திலிருந்து எழுந்து சாப்பிட்டால்தான் மறுபடி தூங்க முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இது வாரத்தில் இரண்டு முறையாவது மாதக்கணக்கில் நடந்து, காலையில் பசியே இல்லாமல், சாயங்காலம் ஆக ஆக மனம் சோர்ந்தும் போனால், அதற்கு இரவு உண்ணல் நோய் என்றே பெயர் இருக்கிறது. 1955இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் இதை விவரித்தார். உங்கள் கணக்கு அதற்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் சர்க்கரை தாழ்வதால் எழுகிறீர்களா என்று பார்த்த பிறகுதான் இந்தப் பெயரைச் சூட்ட முடியும். தூக்க மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா என்றும் எழுதவில்லை. சோல்பிடெம் போன்ற சில மாத்திரைகளில், தின்றது காலையில் நினைவே இல்லாமல் போகும் ஆட்களும் உண்டு. மூச்சு இளைப்புக்குப் போடும் ஸ்டீராய்டும் பசியைக் கிளப்பும்.

நிறுத்த முடியாமல், வலிக்கும் அளவுக்கு வேகமாக, யாருக்கும் தெரியாமல் தின்பது வாரத்துக்கு ஒரு முறையாவது மூன்று மாதமாக நடக்கிறது என்றால் அதுவும் சிகிச்சை உள்ள நோய்தான். தின்றதை வாந்தி எடுக்க முயல்வதோ பேதி மாத்திரை போடுவதோ இருந்தால் நாள் கடத்தாதீர்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டலாம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற, அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பேச்சுவழிச் சிகிச்சை பலருக்குக் கைகொடுக்கிறது. சிலருக்கு மருந்தும் தேவைப்படும்.

ஒரு வாரத்துக்குப் பிள்ளையின் பழைய நோட்டில் எழுதுங்கள். பகலில் எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள், ராத்திரி எப்போது தோன்றியது, மீட்டர் என்ன காட்டியது, அன்று அவர் வீட்டிலா கடலிலா. எத்தனை கலோரி என்று கணக்குப் பார்க்க வேண்டாம். அந்த நோட்டையும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் டாக்டரிடம் எடுத்துப் போங்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி, தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்குச் சர்க்கரை தாழ்வது இன்னும் எளிது, அதனால் கிரியேட்டினினை விட்டுவிட வேண்டாம். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.