லண்டன் ஃபிளாட்டின் லீஸ் 81 ஆண்டுகளாகக் குறைந்துவிட்டது. இப்போதே நீட்டிக்க வேண்டுமா, புதிய சட்டத்துக்குக் காத்திருக்கலாமா?

உங்கள் ஃபிளாட்டின் லீஸில் 81 ஆண்டுகளும் சில மாதங்களும் மிச்சம் என்றும், 990 ஆண்டு தரும் புதிய சட்டம் வரும்வரை பொறுக்கும்படி நண்பர் சொல்கிறார் என்றும், அதற்குள் நிலத்தின் உரிமையாளரே 125 ஆண்டுக்கு நீட்டித்துத் தருவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பொறுக்க வேண்டாம், அந்தக் கடிதத்துக்கு அவசரப்பட்டுத் தலையாட்டவும் வேண்டாம். லீஸில் மிச்சம் 80 ஆண்டு என்ற கோட்டைத் தொடுவதற்குள், ஃபிளாட் லீஸ் நீட்டிப்புக்கு உரிமை தரும் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, நீட்டிப்பைக் கோரி உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள் என்பதே என் பதில்.

சென்னையில் லீஸ் என்றால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து ஒரு வீட்டில் குடியிருந்துவிட்டு, காலி செய்யும்போது அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வது. இங்கிலாந்தில் அப்படியில்லை. இலட்சக்கணக்கில் பவுண்ட் கொடுத்து நாம் வாங்குவது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அந்த ஃபிளாட்டை அனுபவிக்கும் உரிமையை மட்டுமே. ஆண்டுகள் தீர்ந்தால் ஃபிளாட் நிலத்தின் உரிமையாளரிடமே போய்விடும். நீட்டிப்புக்கு அவர் கேட்கும் தொகை, அப்படித் திரும்பி வரவேண்டியது தள்ளிப்போவதற்கும், லீஸ்படி நாம் அவருக்குக் கட்டிவரும் நில வாடகையான ‘கிரவுண்ட் ரெண்ட்’ இனி வராமல்போவதற்கும் உரிய ஈடு.

கணக்கைப் பார்த்தால் பயம் குறையும். ஃபிளாட்டின் மதிப்பு 2,60,000 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். 80 ஆண்டுகள் கழித்துக் கைக்கு வரப்போகும் அந்தத் தொகையின் இன்றைய மதிப்பு, ஆண்டுக்கு 5 சதவீதம் கழித்தால், ஏறக்குறைய 5,250 பவுண்ட்தான். (ஃபிளாட்டுகளுக்கு இந்த 5 சதவீதம் 2006இல் ஒரு தீர்ப்பாயத் தீர்ப்பில் நிலைபெற்றது.) மிச்சம் 60 ஆண்டுகள்தான் என்றால் அதுவே 13,900 பவுண்டைத் தொடும். இதுவரை ஏற்றம் படிப்படியானது. 80க்கு மேல் இருக்கும்வரை எட்டிப்பார்க்காத இன்னொரு செலவு, 80ஐத் தொட்டதும் வந்து சேரும். ‘மேரேஜ் வேல்யூ’ என்பார்கள். நீட்டித்ததால் ஃபிளாட்டுக்குக் கூடும் மதிப்பில் பாதியை உரிமையாளருக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது அதன் பொருள். உங்களிடம் ஓராண்டுக்குச் சற்று மேல்தான் அவகாசம் இருக்கிறது.

அந்த அவகாசமும் உண்மையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் நானே இதில் வழுக்கினேன். 2013இல் நான் ஃபிளாட் வாங்கியபோது, லீஸ் பத்திரத்தின் முதல் பக்கத்தில் இருந்த நவம்பர் 2002 என்ற கையெழுத்துத் தேதியை வைத்தே 99 ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். 2019இன் கடைசியில், ஃபிளாட்டை மதிப்பிட வந்த சர்வேயர்தான் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார்: ‘25 மார்ச் 2001 தொடங்கி 99 ஆண்டுகள்’. மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாள். இந்த நாட்டில் நில வாடகையைப் பழங்காலம் தொட்டு அந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். ஒன்றரை ஆண்டுக்கு மேல் கையில் இருக்கிறதென்று நம்பியிருந்த எனக்கு மூன்று மாதமே மிஞ்சியிருந்தது. 2020 ஜனவரியில் நோட்டீஸ் போனது. நாங்கள் சொன்னது 6,500 பவுண்ட், உரிமையாளர் பதிலுக்கு அனுப்பிய எதிர் நோட்டீஸில் கேட்டது 14,000. இழுபறிக்குப் பிறகு 9,200க்கு முடிந்தது. பத்திரம் பதிவாகும்போது லீஸ் 80க்குக் கீழே இறங்கியிருந்தும் தொகை ஏறவில்லை. மதிப்பிடும் நாள் நோட்டீஸ் கொடுத்த நாளே. பேச்சு எத்தனை மாதம் நீண்டாலும் உங்களுக்கும் அப்படித்தான்.

எனக்கும் உங்களுக்கு வந்ததைப் போன்ற ஒரு கடிதம் வந்திருந்தது. கேட்ட தொகை சகாயமாகத்தான் தெரிந்தது, ஆனால் 25 ஆண்டுக்கு ஒருமுறை கிரவுண்ட் ரெண்ட் இரட்டிப்பாகும் என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. 2022 ஜூன் 30 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தால், கூட்டித் தரும் ஆண்டுகளுக்கு இனி அப்படி வாடகை வாங்க முடியாது. ஆனாலும் பழைய லீஸில் மிஞ்சியிருக்கும் ஆண்டுகளுக்குப் பழைய வாடகையைத் தொடர இடமிருக்கிறது. சட்டப்படி நீட்டித்தால் மிச்சமுள்ள ஆண்டுகளோடு 90 சேரும், வாடகையும் உடனே ஒரு மிளகாகிவிடும். உவமை இல்லை, சட்டத்தின் வாசகமே ‘மிளகு வாடகை’ என்றுதான் சொல்கிறது, அந்த மிளகையும் யாரும் கேட்டு வாங்குவதில்லை.

உங்கள் நண்பர் சொல்லும் 2024ஆம் ஆண்டுச் சட்டத்தில், இரண்டு ஆண்டு சொந்தமாக வைத்திருந்தால்தான் உரிமை என்ற நிபந்தனை 2025 ஜனவரி 31இல் நீங்கிவிட்டது. 990 ஆண்டு நீட்டிப்பும் மேரேஜ் வேல்யூ ஒழிப்பும் சட்டப் புத்தகத்தில் இருந்தாலும், நான் இதை எழுதும்போது நடைமுறைக்கு வரவில்லை. ஏற்கெனவே 68 ஆண்டுக்கு இறங்கிவிட்டு, விற்கும் எண்ணமும் இல்லாதவர் காத்திருந்து பார்ப்பதில் நியாயம் உண்டு. நீங்கள் மேரேஜ் வேல்யூவே தராத நிலையில் இருக்கிறீர்கள். அது ஒழிவதற்காகக் காத்திருந்து அதற்குள்ளேயே போய் விழுவானேன்?

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் சொலிசிட்டர், சர்வேயர் கட்டணங்களோடு, உரிமையாளரின் மதிப்பீட்டுக்கும் சட்ட வேலைக்கும் ஆகும் நியாயமான செலவும் உங்கள் தலையில்தான் விழும். லீஸ் நீட்டிப்பையே தொழிலாகச் செய்யும் சொலிசிட்டரைப் பிடியுங்கள். வீடு வாங்கித் தந்தவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் நோட்டீஸில் பெரிய பிழை இருந்தால் அது செல்லாமல்போய் நாள் கைநழுவலாம். எதிர் நோட்டீஸ் அனுப்ப உரிமையாளருக்குக் குறைந்தது இரண்டு மாதம் தரவேண்டும். அது வந்தபின் பேச்சு படியவில்லை என்றால், வந்த நாளிலிருந்து இரண்டு மாதம் கழித்து, ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தவறவிட்டால் நோட்டீஸே காலாவதியாகிவிடும்.

ஃபிளாட் உங்கள் பெயரிலும் தம்பி பெயரிலும் கூட்டாக இருப்பதாகக் கேள்வியின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நோட்டீஸ் இருவர் பெயரிலும் போக வேண்டும். அவர் வெளிநாட்டில் இருந்தால் இன்றே பேசிவிடுங்கள்.