முதல்ல செற்றியைத் தள்ளுங்கோ, பிறகு ஈக்யூ

கேள்வி: அண்ணை, எங்கட ஹோல் 14 அடி நீளம், 11 அடி அகலம், டைல்ஸ் நிலம். ரீவிக்குப் பக்கத்தில சப்வூஃபர் (அடிச்சத்தம் குடுக்கிற பெட்டி), செற்றி சரியா நடுவில. படத்தில குண்டு வெடிச்சாலும் நெஞ்சில ஒண்டும் தட்டுதில்ல, ஆனா ஆம்பிளையள் கதைச்சா பானைக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி இருக்கு. மைக் வாங்கி அளந்து பார்த்தன், கிராஃபில 41 ஹேர்ட்ஸில (செக்கனுக்கு 41 அதிர்வு, ஆழமான அடிச்சத்தம்) பெரிய பள்ளம், 82 இல மேடு. ஈக்யூவில (ஒவ்வொரு ஹேர்ட்ஸ் சத்தத்தையும் தனித்தனியா கூட்டிக் குறைக்கிற வசதி) 41ஐ 9 டெசிபல் ஏத்தினன், பள்ளம் அப்பிடியே கிடக்கு, சப் தான் கடகடக்குது. சப் பழுதோ?
- வாசகர் ஒருவர், உப்புவெளி

பதில்: சப் பழுதில்ல தம்பி, ஆனா இன்னும் கொஞ்ச நாள் இப்பிடியே ஓட்டினா பழுதாகும். 9 டெசிபல் ஏத்துறது எண்டா ஆம்ப் கிட்டத்தட்ட 8 மடங்கு பவர் குடுக்கோணும், 50 வாட்ஸ் போன இடத்தில 400 கேக்குறீங்கள், அது பாவம் கடகடக்காம என்ன செய்யும்.

முதல்ல ஒரு அளவு ரேப்பை எடுங்கோ. எங்கட 30 டிகிரி வெக்கைக்கு சத்தம் செக்கனுக்கு 1145 அடி போகும் (புத்தகத்தில போட்டிருக்கிற 343 மீற்றர் 20 டிகிரிக்குரியது, திருகோணமலையில அந்த 20ஐ எங்க போய்த் தேடுறது). அதை உங்கட ஹோல் நீளத்தின்ர இரட்டிப்பால (சத்தம் ஒருக்கா போய்த் திரும்பி வாற தூரம்), 28ஆல பிரிச்சா 41 வரும். பாத்தீங்களா, உங்கட பள்ளம் அதே நம்பர். இந்த 41 ஹேர்ட்ஸ் முன் சுவரிலயும் பின் சுவரிலயும் குவியும், நடு ஹோலில ஒண்டுமே இராது. நீங்கள் செற்றியைக் கொண்டுபோய் அந்த ஒண்டுமில்லாத இடத்திலயே போட்டிருக்கிறீங்கள். ஏத்த ஏத்த, நேர வாற அலையும் சுவரில பட்டுத் திரும்பி வாற அலையும் சேர்ந்தே பெருக்கும், ஒண்டையொண்டு சேர்ந்தே அழிக்கும், அதால தான் பள்ளம் அசையேல்ல. 82 இதின்ர ரெண்டு மடங்கு, அது ரெண்டு சுவரிலயும் குவியிறதோட நடுவிலயும் வந்து குவியும். பானைக்குரல் அங்க இருந்து தான் வருது. ஒரே செற்றிக்கு ரெண்டு வருத்தம்.

இனி மருந்து. செற்றியைப் பின்னுக்குத் தள்ளுங்கோ, முன் சுவரில இருந்து உங்கட காது 9 அடி 4 அங்குலத்தில வரட்டும், அதாவது இப்ப இருக்கிற இடத்தில இருந்து 2 அடி 4 அங்குலம். அந்த இடத்தில 41ம் 82ம் ரெண்டுமே தங்கட உச்சத்தில இருந்து 6 டெசிபல் குறைஞ்சு ஒரு சமநிலைக்கு வரும். பின் சுவரோட ஒட்டிப் போடாதேங்கோ, அங்க எல்லாம் ஒரேயடியா குவிஞ்சு வெள்ளம் மாதிரி அடிக்கும். வீட்டில அம்மா ஏசுவா, நடந்து போற வழி மறிக்குது எண்டு, அதுக்கு என்னட்ட மருந்து இல்ல.

தள்ளின பிறகு திரும்ப அளந்து பாருங்கோ. ஒரு இடத்தில மட்டும் இல்ல, செற்றியில தலை வாற நாலைஞ்சு இடத்தில அளந்து சராசரி எடுங்கோ, இல்லாட்டி உங்கட தலைக்கு மட்டும் நல்லா இருக்கும், பக்கத்தில இருக்கிறவருக்கு சத்தம் நாசம். மைக்கைக் கையில பிடிக்காம ஸ்டாண்டில காது மட்டத்தில வையுங்கோ. மிஞ்சி நிக்கிற மேடுகளை மட்டும் ஈக்யூவில ஒடுக்கமான ஃபில்டர் (அந்த மேட்டை மட்டும் தொடுறது) போட்டு வெட்டுங்கோ, பள்ளத்தை நிரப்பப் போகாதேங்கோ. 200 ஹேர்ட்ஸுக்கு மேல பெரிசா நோண்டத் தேவையில்ல, அதுக்கு மேல நல்ல ஸ்பீக்கர் தன்ர வேலையைத் தானே செய்யும், மைக்குக்குத் தெரியிற சின்னச் சின்ன நெளிவெல்லாம் காதுக்குத் தெரியாது.

நான் பட்டதையும் சொல்லுறன். முதன்முதல் அளக்கேக்க கச்சான் காத்து நேரம், ஜன்னல் திறந்து கிடக்கு, மேல ஃபான் சுத்துது. கிராஃபின்ர இடப்பக்கம், அடிச்சத்தம் வாற பக்கம், மலை மாதிரி எழும்பி நிக்குது, நான் அதை சப் எண்டு நினைச்சு ஒரு மணித்தியாலம் வெட்டிக்கொண்டிருந்தன். ஃபானை நிப்பாட்டினன், மலை போயிட்டு. அடுத்த சுவீப்பில (அடிச்சத்தத்தில இருந்து கீச்சுச்சத்தம் வரைக்கும் ஓடுற சோதனைச் சத்தம்) ஷோகேஸுக்குள்ள தேத்தண்ணிக் கோப்பையள் கிணுகிணுக்கத் தொடங்கிட்டு, அதுக்கு கடதாசி மடிச்சு அடியில வைச்சது தான் ஈக்யூ.

கேள்வி: ஃபோன் ஆப்பில அளந்தா காணாதா? மைக் விலையா இருக்கு.
- வாசகி, நிலாவெளி

பதில்: ஃபோன் மைக் மனிசர் கதைக்கிறதுக்குச் செய்தது, கன ஃபோனில பேஸை, அதாவது அடிச்சத்தத்தை, அதுவே வெட்டிவிடும். செற்றி தள்ள முன்னமும் பின்னமும் ஒப்பிட்டுப் பாக்கலாம், அவ்வளவு தான். யூமிக்-1 மாதிரி யூஎஸ்பி மைக் எண்டா ஒவ்வொண்டுக்கும் சீரியல் நம்பரை வைச்சு தனித்தனி கலிப்ரேஷன் ஃபைல் (அந்த மைக்கின்ர பிழையைத் திருத்துற ஃபைல்) இறக்கலாம், மைக்கை சீலிங்கைப் பாத்து நிமித்தி வைச்சா 90 டிகிரி ஃபைலைத் தான் போடோணும், கனபேர் பிழைவிடுற இடம் இது. அளந்து கிராஃப் போடுற ரூம் ஈக்யூ விசர்ட் சொஃப்ட்வெயர் சும்மா கிடைக்கும். மூண்டு நாலு கூட்டாளியள் சேர்ந்து ஒரு மைக் வாங்குங்கோவன், தினமும் அளக்கிற சாமானே அது?

கேள்வி: சுவர் முழுக்க முட்டை ட்ரே ஒட்டினன், உறுமல் போகேல்ல, ஏன்?
- வாசகர், பாலையூற்று

பதில்: 80 ஹேர்ட்ஸ் அலையின்ர நீளம் 14 அடிக்குக் கிட்ட, ரெண்டு அங்குலக் கடதாசி மட்டையை அது கண்டே கொள்ளாது. உறுமலைப் பிடிக்க மூலையில தடிப்பான ரொக்வூல் (கல்லை உருக்கிச் செய்த பஞ்சு) வைக்கோணும், கைதட்டினா வாற எதிரொலிக்குத் தடிச்ச கேட்டினும் கார்பெட்டும் காணும். ட்ரேயைக் கழட்டுங்கோ, நெருப்புப் பிடிச்சா குப்பெண்டு எரியும், மாரி தொடங்கினா கரப்பானும் குடிவந்திடும்.