ஆம்பளைக்கு எதுக்கு நகை? – பாரிஸ் ஃபேஷன் வீக் பற்றி நீங்கள் கேட்டவை

ஹட்டனில் அப்பாவின் தையல் கடையில் கத்தரி பிடிக்கப் பழகியவன் நான். இப்போது கொழும்பில் ஆண்களுக்கான உடைகளுக்கு பேட்டர்ன் வெட்டுகிறேன். போன ஜனவரி பாரிஸில், ஃபேஷன் வீக் நேரத்தில், நகையும் ஆண்கள் உடையும் சேர்ந்த ஒரு சின்ன பிரசன்டேஷனுக்குப் போய் வந்தேன். அதைச் சொன்னதும் மலையகத்தின் பல பக்கங்களிலிருந்தும் கேள்விகள் வந்தன. முடிந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பிரசன்டேஷன் என்றால் ரேம்ப்பில் நடப்பதுதானே அண்ணா? (தலவாக்கலை)

இல்லை தம்பி. ரேம்ப் ஷோவில் நாம் உட்கார்ந்திருப்போம், மாடல்கள் நடப்பார்கள், பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிரசன்டேஷனில் மாடல்கள் நிற்பார்கள், நாம்தான் சுற்றி வர வேண்டும். இரண்டு மணி நேரம்கூடக் கதவு திறந்திருக்கும். நகை பார்க்க இதுதான் சரியான வழி. நடக்கிற ஆளின் காதில் இருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்து என்ன தெரியப்போகிறது?

ஆண்களுக்கான ஃபேஷன் வீக் ஜனவரியிலும் ஜூனிலும் வரும். ஜனவரியில் காட்டுவது அந்த வருடக் கடைசியில் வரப்போகும் குளிர்காலத்துக்கான உடை.

நான் ஒற்றைக் காதில் தோடு போட்டதற்கே வீட்டில் சண்டை. ஆம்பளைக்கு எதுக்கு நகை என்கிறார் அப்பா. (மஸ்கெலியா)

அப்பாவிடம் அவருடைய தாத்தாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கடுக்கன் போட்ட கிழவர்கள் எங்கள் தோட்டத்து லயத்திலேயே (தொழிலாளர் வரிசை வீடுகளிலேயே) இருந்தார்கள். இடுப்பில் வெள்ளி அரைஞாண், கையில் காப்பு, அதெல்லாம் ஆண்கள் போட்டதுதான். மாசி மாதம் காமன் கூத்தில் எங்கள் தோட்டத்து ஆண்கள் கிரீடமும் கண்ணாடித் துண்டு பதித்த மார்புப் பதக்கமும் கட்டிக்கொண்டு இறங்கும்போது ஒருவரும் சிரித்ததில்லை, கையெடுத்துக் கும்பிட்டார்கள். கண்டிக்குப் போனால் பெரஹரா ஊர்வலத்தில் வெஸ் என்கிற கண்டிய நடனக் கோலம் போட்டவரைப் பாருங்கள். சட்டை கிடையாது, நெஞ்சு முழுக்க மணி கோத்த வலை, தலையில் வெள்ளி. அந்தக் கோலத்துக்கு 64 அணிகள் என்பது மரபு. பாரிஸில் அன்று நான் பார்த்த எதுவும் அந்த மணிவலையை மிஞ்சவில்லை. இதை மனதார நம்பித்தான் சொல்கிறேன்.

வழக்கத்தை உடைத்துப் புதிதாகச் செய்வதை 'அவாங்-கார்ட்' நகை என்கிறார்களே, தங்கம் இல்லாவிட்டால் அது நகையா? அடகுக்கடையில் ஐந்து சதம் தருவார்களா? (நுவரெலியா)

தரமாட்டார்கள் அக்கா. அந்தக் கேள்வியைத்தான் அந்த நகைக் கலைஞர்களும் நகையாகச் செய்து பார்க்கிறார்கள். 1967-இல் ஆம்ஸ்டர்டாம் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் நெதர்லாந்து வடிவமைப்பாளர்கள் கைஸ் பாக்கரும் எமி வான் லீர்சமும் அலுமினியத்தில் செய்த பெரிய கழுத்தணிகளைக் காட்டினார்கள். 1980-இல் சுவிஸ் நகைக் கலைஞர் ஓட்டோ கியூன்ஸ்லி செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். கறுப்பு ரப்பர் வளையல், அதற்குள்ளே ஒரு தங்க உருண்டை. வெளியே ஒன்றும் தெரியாது. தங்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வளையலை அறுக்க வேண்டும். 'தங்கம் கண்ணைக் குருடாக்கும்' என்று அதற்குப் பெயர் வைத்தார். தாலிக்கொடி வருடத்தில் பாதி நாள் அடகில் கிடக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். தங்கம் உள்ளே இருக்கிறது என்று நம்பிக்கொண்டே வாழ்வது என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அலுமினியத்துக்கு வேறொரு காரணமும் உண்டு, எடை. அதே அளவு வெள்ளி அதைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு கனம். தோளை மூடும் நகையை வெள்ளியில் செய்தால் மாடல் அரை மணி நேரம் நிற்க மாட்டார்.

அங்கே போனால் எதைப் பார்ப்பது? (பண்டாரவளை)

பின்பக்கத்தை. அன்று ஒரு கறுப்புக் கம்பளிக் கோட்டின் காலரிலிருந்து, கறுத்துப்போன மெல்லிய வெள்ளிக் கம்பியில் பின்னிய வலை ஒன்று முதுகில் தொங்கியது. முன்னாலிருந்து பார்த்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் பின்னால் போய் நின்றேன். அந்தப் பையன் மூச்சு விடும்போதெல்லாம் வலை துளி ஏறி இறங்கியது. பக்கத்தில் நின்ற பெண்தான் அதைச் செய்தவர். தையல்காரன் என்று சொன்னதும் முகம் மலர்ந்து, ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். கம்பியைப் பற்றவைத்த ஒவ்வொரு புள்ளியும் கடுகைவிடச் சின்னது, அத்தனையும் அரம் போட்டு வழவழப்பாக்கியிருந்தார். கோட்டில் ஒரு நூல்கூட இழுபடவில்லை. நம் பத்தரும் தோட்டைத் திருப்பித்தான் முதலில் பார்ப்பார், இல்லையா? அந்தக் கண் போதும்.

படம் எடுக்கலாமா? தொட்டுப் பார்க்கலாமா? (ஹாலிஎல)

ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம், கேட்டுவிட்டு. தொடக் கூடாது. மாடலும் ஒரு மனிதர்.

எனக்குத் தையல் கடை இருக்கிறது. மாப்பிள்ளை கோட்டில் பெரிய புரோச் குத்தினால் லேப்பல் (காலருக்குக் கீழே மடிந்து கிடக்கும் பகுதி) தொங்குகிறது. அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? (கினிகத்தேனை)

அருமையான கேள்வி அண்ணே. ரெடிமேட் கோட்டில் விறைப்புக்காக உள்ளே பெரும்பாலும் பசையால் ஒட்டிய கேன்வாஸ்தான் இருக்கும், அது பாரம் தாங்காது. குதிரை முடி கேன்வாஸ் வைத்துக் கையால் தைத்த லேப்பல் என்றால் ஊசி துணியோடு நிற்காமல் அந்தக் கேன்வாஸையும் பிடிக்க வேண்டும். அது இல்லையா, லேப்பலின் பின்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு கெட்டித் துணி ஒன்றை வைத்து ஊசியை அதையும் சேர்த்துக் குத்துங்கள். ஒற்றை ஊசி என்றால் புரோச் தலைகுப்புறக் கவிழும். பத்தரிடம் சொல்லி இரட்டை ஊசி வைத்துவிடுங்கள், ஊசி நகையின் பாதிக்கு மேலே இருக்கட்டும். நான் பார்த்த அந்த வலையும் இப்படித்தான். காலருக்கு அடியில் தனியாக ஒரு பட்டி, எடை முழுக்க அதில்தான்.

வெள்ளி கறுத்துப்போயிருந்ததாகச் சொன்னீர்களே, துடைக்க மாட்டார்களா? (வட்டவளை)

அது வேண்டுமென்றே கந்தகம் சேர்த்துக் கறுக்க வைப்பது. உங்கள் கொலுசு கறுப்பதும் காற்றிலுள்ள கந்தகத்தால்தான், நம் ஊர் ஈரம் அதைச் சீக்கிரப்படுத்துகிறது.

அழைப்பு இல்லாமல் போக முடியுமா? எனக்கு வயது 19, வரையத் தெரியும். (பூண்டுலோயா)

பாரிஸில் பெரும்பாலும் முடியாது தங்கச்சி. வாங்குபவர்கள், பத்திரிகைக்காரர்கள், ஸ்டைலிஸ்டுகள், அவர்களுக்குத்தான் முதல் இடம். சின்ன பிராண்டுகளுக்கு, நீங்கள் யார், என்ன செய்கிறீர்கள், ஏன் பார்க்க வேண்டும் என்று நாலு வரி எழுதிக் கேட்டால் சில சமயம் கதவு திறக்கும். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. ஆறு பேருக்கு எழுதினேன், ஒருவர் பதில் போட்டார். ஆரம்ப நேரத்துக்கே போய் மழையில் 40 நிமிடம் நின்றேன். கடைசி அரை மணிக்குப் போயிருந்தால் கூட்டமே இருந்திருக்காது.

ஆனால் பாரிஸை இப்போதைக்கு விடுங்கள். கொழும்பு ஃபேஷன் வீக் 2003-இலிருந்து நடக்கிறது. இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் மேடைக்குப் பின்னால் உடை மாற்றிவிட எப்போதும் கை தேவைப்படும், கேட்டுப் பாருங்கள். படிப்பு என்றால் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஃபேஷன் டிசைன் பட்டம் இருக்கிறது. அதுவரை, அம்மாயியின் பழைய காப்பையோ தண்டையையோ கேட்டு வாங்கி, கொக்கி எப்படி மாட்டுகிறது, எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, பின்பக்கத்தோடு சேர்த்து வரையுங்கள். வரைந்ததை எனக்கு அனுப்புங்கள், கட்டாயம் பார்க்கிறேன்.