இரண்டு வாரம் என்று வந்த நாய்

கேள்வி: மடிப்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். போன ஐப்பசி மழையில், தெருமுனைக் கால்வாயில் கால் முறிந்து கிடந்த இரண்டு மாதப் பெண் குட்டியை ஒரு தன்னார்வலர் மீட்டார். "ரெண்டே வாரம் ஃபாஸ்டர் பண்ணுங்கக்கா, தத்தெடுக்க ஆள் ரெடியா இருக்கு" என்று எங்களிடம் விட்டுப் போனார். ஐந்து மாதம் ஆகிவிட்டது. இப்போது அவர் போனை எடுப்பதில்லை. ரோசியின் கால் கூடிவிட்டது, லேசாக விந்துகிறாள். தடுப்பூசிகள் போட்டாயிற்று. வீட்டுக்காரர் மாதக் கடைசிக்குள் நாய் போயாக வேண்டும் என்கிறார். செங்கல்பட்டுப் பக்கம் பண்ணை வீடு வைத்திருப்பவர் ஒருவர் கேட்கிறார். இன்னொருவர், 4,000 ரூபாய் கொடுத்தால் காப்பகத்தில் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்பது என் கணவரின் யோசனை. மூன்றில் எது சரி, டாக்டர்?

— ஒரு வாசகி, சென்னை

பதில்: மூன்றும் சரியில்லை அம்மா. நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதற்கு இன்னும் ஐந்தாறு வாரம் வேண்டும். வீட்டுக்காரரிடம் அந்த அவகாசத்தைக் கேட்டு வாங்குங்கள். எந்தத் தேதிக்குள் நாய் போகும் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். வாய்ச்சொல்லுக்கு இறங்காத வீட்டுக்காரர்கள்கூட ஒரு தேதியைப் பார்த்ததும் அடங்குவதைக் கண்டிருக்கிறேன்.

முதலில் அந்த 4,000 ரூபாயைப் பத்திரமாக உள்ளே வையுங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாய்க்குச் சோறும் கோழிக் கழுத்தும் மட்டும் போட்டாலே ஒரு நாளைக்கு 50 ரூபாய் ஆகும். 4,000 ரூபாய் எண்பது நாளில் தீர்ந்துவிடும். ரோசிக்கு இப்போது ஏழு மாதம். நம் நாட்டு நாய் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பன்னிரண்டு, பதிமூன்று வருடம் இருக்கும். எண்பத்தோராவது நாள் அவளுக்கு யார் சோறு போடுவார்கள்? இதைத்தான் அந்த ஆளிடம் கேட்க வேண்டும். கேட்டால் "டோனர்ஸ் இருக்காங்க மேடம்" என்பார். அந்த டோனர்களுக்குக் காட்ட அவருக்கு ஒரு படம் வேண்டும், அது ரோசியின் படம். முதல் மாதம் உங்களுக்கு வீடியோ வரும். இரண்டாம் மாதம் பழைய வீடியோவே திரும்ப வரும். மூன்றாம் மாதம் "ஓடிப்போச்சு மேடம், தேடிட்டிருக்கோம்" என்பார். இந்த மூன்றாம் மாதக் கதையோடு என் கிளினிக்குக்கு வந்து அழுதவர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

நல்ல காப்பகத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. அவர்கள் "இடமில்லை" என்பார்கள். கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் நாற்பது நாய்க்கான கொட்டகையில் நாற்பத்தொன்றாவதைச் சேர்த்தால் நாற்பதும் பாழாகும் என்பது தெரிந்தவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். ஒரு குட்டிக்குப் பார்வோ, அதாவது குட்டிகளைக் கொல்லும் வைரஸ் வயிற்றுப்போக்கு, வந்தால் போதும். அந்தக் கிருமி தரையிலும் தட்டிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சாதாரண பினாயிலுக்கு அசையாது. "எப்ப வேணா கொண்டு வாங்க, எத்தனை வேணா கொண்டு வாங்க" என்கிற இடத்துக்கு நாயை அனுப்பாதீர்கள். "ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பாருங்க" என்கிற இடமும் வேண்டாம்.

இதே வியாபாரத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. "பெங்களூருவில் ஒரு குடும்பம் தத்தெடுக்கத் தயார், வண்டிச் செலவு மட்டும் ஜீபே பண்ணுங்க" என்று யாராவது அழைக்கலாம். அந்தக் குடும்பத்தோடு வீடியோவில் பேச வேண்டும் என்று கேளுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும். நாய்க்கு வீடு கொடுக்கிறவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்.

பண்ணை வீட்டுக்காரரைப் பற்றி எனக்குத் தெரியாது, நல்லவராகவே இருக்கலாம். ஆனால் "நாலு ஏக்கர் இருக்கு, ஜாலியா ஓடும்" என்று சொல்லிக் கூட்டிப்போன நாய்கள் பலவற்றை நான் தென்னை மரத்தடியில், ஆறடிச் சங்கிலியில் பார்த்திருக்கிறேன். பண்ணைக்கு நாய் கேட்கிறவருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது காவல். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ராத்திரி அங்கே யார் படுப்பார்கள்?" வாட்ச்மேன் என்று பதில் வந்தால், ரோசியைத் தத்தெடுக்கப் போவது அந்த வாட்ச்மேன்தான். அவர் வேலையை விட்டால் இவள் கதை முடிந்தது. எலிக்கு வைத்த விஷம், பாம்பு, வேலி தாண்டினால் நெடுஞ்சாலை என்று மற்றதையெல்லாம் நான் சொல்லவே வேண்டாம்.

இனி உங்கள் கணவர். அவரைத் திட்டாதீர்கள். அவர் சொல்வது ஒரு வகை நாய்க்கு முழுக்கச் சரி, உங்கள் நாய்க்குத்தான் சரியில்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்ல எனக்கு ஒரு பத்திக்கு மேல் வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். மீட்பு வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்கே இது பிடிபடவில்லை.

மூன்று வயது தெருநாய் ஒன்று. கருத்தடை ஆகி, அதற்கு அடையாளமாகக் காதில் வெட்டு இருக்கிறது. டீக்கடைக்காரர் காலையில் பொறை போடுகிறார், இஸ்திரி வண்டிக்காரம்மா ராத்திரி சோறு வைக்கிறார். வண்டி இடித்துவிட்டது. நீங்கள் எடுத்து இருபது நாள் வைத்துக் குணப்படுத்தினீர்கள். இந்த நாய்க்கு வீடு தேடக் கூடாது. அதற்கு ஏற்கெனவே வீடு இருக்கிறது, கதவுதான் இல்லை. 2023ஆம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும், பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றுதான் சொல்கின்றன. பிடித்த இடம் என்றால் அதே தெரு. "பக்கத்துத் தெருதானே" என்று விட்டால் அங்கிருக்கிற நாய்கள் ஒரு மணி நேரத்தில் அடித்துத் துரத்தும். சோறு வைக்கிறவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு விட வேண்டும், டீக்கடை மூடியிருந்தால் விடக் கூடாது. துரத்தினால் ஓட முடியாத காலோடு விடக் கூடாது. ராத்திரியில் விடக் கூடாது, அதற்குத் தெரிந்த ஆள் எதிரில் நிற்கும்போது காலையில் விட வேண்டும். பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்ததை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று உத்தரவு போட்டுவிட்டது. அப்படிப் பிடித்தவற்றைக் காப்பகத்தில் வையுங்கள் என்கிறது உத்தரவு. அவ்வளவு காப்பகத்துக்கு எங்கே போவது? எழுதியவர்கள் என் கிளினிக் வாசலில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாம்.

ரோசி அந்த வகை இல்லை. இரண்டு மாதத்தில் உங்களிடம் வந்தாள். அவளுக்குத் தெரு கிடையாது, தெருவில் கூட்டாளி கிடையாது, பைக் வந்தால் ஒதுங்கத் தெரியாது. ஃபேனுக்கு அடியில் தூங்கிப் பழகிவிட்டாள். அவளைக் கால்வாய் ஓரம் கொண்டுபோய் விடுவது வேறு, அந்த மூன்று வயது நாயை அதன் டீக்கடையில் விடுவது வேறு. பட்டினி கிடக்கும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அறுபத்தைந்து வருடமாக உச்சவரம்பு அதே 50 ரூபாய்தான். பார்க்கிங்கில் தப்பாக நிறுத்திய ஸ்கூட்டருக்கு இதைவிட அதிகம் கட்டுகிறோம்.

சரி, நான்காவது வழி. ரோசியைக் கருத்தடை செய்யாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். கேட்கிறவர் உங்கள் சொந்தத் தம்பியாக இருந்தாலும் கொடுக்காதீர்கள். "நாங்களே பண்ணிக்கிறோம்" என்பார்கள், பண்ண மாட்டார்கள். கெட்ட எண்ணத்தால் அல்ல, தள்ளித் தள்ளிப் போட்டே. ஏழு மாதம் என்றால் இன்றோ அடுத்த மாதமோ பருவத்துக்கு வருவாள். ஒரு நாள் கேட் திறந்து கிடந்தால் போதும், சுமார் 63 நாளில் ஐந்தாறு குட்டி. அப்போது அவர்கள் உங்களைத்தான் தேடுவார்கள், உங்கள் போன் நம்பர் அவர்களிடம் இருக்கிறதே. ஏற்கெனவே பருவத்துக்கு வந்திருந்தால் மட்டும் சுமார் இரண்டு மாதம் தள்ளிச் செய்ய வேண்டியிருக்கும், உங்கள் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். அறுவைக்கு முன் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமலே இருக்கும், அதோடு கத்தி வைத்தால் ரத்தம் நிற்காமல் போகலாம். தையல் ஆறப் பத்து நாள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செலவு குறைவு, வரிசை நீளம். விடிகாலையில் போங்கள்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பெட்டை நாய் என்றாலே "வேணாம் சார், ஆம்பளைக் குட்டி இருக்கா?" என்பவர்கள்தான் நம் ஊரில் அதிகம். கருத்தடை ஆனவள், தீட்டு வராது, வாசலில் ஆண் நாய்கள் கூடாது என்று விளக்கினால் அவர்களில் சிலராவது யோசிப்பார்கள்.

விளம்பரத்தில் "பாவம்", "அநாதை", "கால்வாயில் கிடந்தவள்" என்றெல்லாம் எழுத வேண்டாம். இரக்கத்தில் எடுப்பவர் இரக்கம் வற்றியதும் திருப்பித் தருவார். எத்தனை கிலோ, எங்கே மூச்சா போவாள், குழந்தைகளோடு எப்படி, தனியாக எத்தனை மணி நேரம் இருப்பாள், மாடிப்படி ஏறுவாளா என்று எழுதுங்கள். விந்துவதை முதல் வரியிலேயே சொல்லுங்கள், அவள் நடக்கிற வீடியோவையும் போடுங்கள். அதைப் பார்த்துவிட்டும் அழைக்கிறவர் பாதி தேறியவர்.

வருகிறவரிடம் "நாய் பிடிக்குமா?" என்று கேட்காதீர்கள், பிடிக்கும் என்றுதான் சொல்வார். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நாய் எங்கே இருக்கும், ராத்திரி எங்கே படுக்கும், சொந்த வீடா வாடகையா, வாடகை என்றால் வீட்டுக்காரருக்குத் தெரியுமா, இதற்கு முன் இருந்த நாய் என்ன ஆனது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "யாருக்கோ கொடுத்துட்டோம்" என்று பதில் வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்பதை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பாருங்கள். சமையலறை வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு மாமியார் நின்றால் அந்த வீடு இப்போதைக்கு வேண்டாம். பஸ் ஸ்டாண்டிலோ பெட்ரோல் பங்கிலோ நாயைக் கைமாற்றவே கூடாது.

ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம், முடியாவிட்டால் உங்களிடமே திருப்பித் தருவோம். ஆதார் நகலும் வாங்குங்கள். கோர்ட்டில் அந்தத் தாளின் மதிப்பு என்ன என்பதை வக்கீல்கள் சொல்லட்டும். கையெழுத்துப் போடத் தயங்குகிறவர் யார் என்பது உங்களுக்கு அங்கேயே தெரிந்துவிடும். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயமாகிவிட்டன. அவற்றை எடுக்கிறவர் பெயரிலேயே பதியச் சொல்லுங்கள். 2023 விதிகளைப் பொறுத்தவரை நாயில் இரண்டே வகை, வளர்ப்பு நாய், தெருநாய். நடுவில் ஐந்து மாதம் சோறு போட்டு, கால் கட்டுக்குப் பணம் கட்டிய நீங்கள் அதில் எங்கேயும் இல்லை.

ஒப்படைக்கும் நாள்தான் மிக ஆபத்தான நாள். ஒரு முறை தாம்பரத்தில் ஒரு நல்ல குடும்பத்துக்கு நானே ஒரு நாயைக் கொடுத்தேன். நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை, தண்ணீர் கேன் போடுகிற பையன் கேட்டைத் திறந்தான், நாய் பறந்துவிட்டது. ஆறு நாள் கழித்து ரயில் பாதை ஓரத்தில் கிடைத்தது, எலும்பும் தோலுமாக. அன்றிலிருந்து நான் சொல்வது: கழுத்துப் பட்டை ஒன்று, மார்புப் பட்டை ஒன்று, இரண்டிலும் தனித்தனிக் கயிறு. காருக்குள் ஏற்றிக் கதவை மூடும் வரை கயிறு உங்கள் கையில் இருக்கட்டும். பட்டையில் உங்கள் நம்பர், அவர்கள் நம்பர் இரண்டும். முதல் வாரம் வெளியே நடக்கக் கூட்டிப்போக வேண்டாம், கேட்டுக்கு உள்ளேயே இருக்கட்டும். அவள் படுக்கிற பழைய பெட்ஷீட்டைத் துவைக்காமல் கொடுத்தனுப்புங்கள். முதல் மூன்று நாள் சாப்பிடாமல் மூலையில் கிடப்பாள். வீட்டு நடப்பு பிடிபட மூன்று வாரம், இது என் வீடு என்று தோன்ற மூன்று மாதம் என்பது இந்த வேலை செய்கிறவர்கள் சொல்கிற கணக்கு. மூன்றாம் நாளே "டாக்டர், இது எங்களோட ஒட்டலை" என்று எனக்குப் போன் செய்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

தடுப்பூசி அட்டையின் அசலை அவர்களிடம் கொடுத்துவிட்டு, எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ரேபிஸ் ஊசி எந்தத் தேதி என்று அதில் இருக்கும். அந்தத் தேதியில் அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள்.